நூறு மைல் கணக்கு

1960 செப்டம்பர் 2 அன்று ரோம் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் இரண்டு பயிற்சி முறைகள் மோதின. கடைசி நேர்கோட்டில் முன்னால் வந்தவர் பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸ். உலகச் சாதனை அவர் பெயரில் இருந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் வோல்டெமார் கெர்ஷ்லர் வகுத்த இன்டர்வெல் பயிற்சியில் உருவானவர் அவர். குறுகிய தூரத்தை விரைந்து ஓடி நாடித்துடிப்பை 180 வரை ஏற்றுவது, அது 120க்கு இறங்கியதும் மறுபடி ஓடுவது என்பது அந்த முறை. மூன்ஸ் வலப்பக்கம் திரும்பிப் பார்க்க, உள்பக்கமாக வந்து முந்திவிட்டார் 21 வயது பீட்டர் ஸ்னெல், வாரத்துக்கு 100 மைல் ஓடிப் பழகிய நியூசிலாந்துக்காரர். அதே மாலை மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார். மாரத்தானில் பாரி மகீக்கு வெண்கலம். மூவரின் பயிற்சியாளரும் ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட்.

இரண்டு சுற்று ஓடப்போகிறவருக்கு ஆக்லாந்தை ஒட்டிய வைட்டாகரே மலைச்சாலையில் 22 மைல் எதற்கு? அன்று பலரும் சிரித்த கேள்வி இது. ரோமில் 800 மீட்டருக்கு மூன்று நாளில் நான்கு சுற்றுப் போட்டிகள் நடந்தன. நேற்றைய ஓட்டத்திலிருந்து இன்றைக்குள் மீள்கிறவருக்கே பதக்கம். மற்றொரு விடையைப் பின்னாளில் டல்லாஸில் உடலியங்கியல் ஆய்வாளராக இருந்த ஸ்னெலே சொன்னார். நெடுந்தூரம் ஓடும்போது மெதுவாக இயங்கும் தசை இழைகளில் எரிபொருளான கிளைகோஜன் தீர்ந்துபோகும். அதன்பின் வேக இழைகள் வேலைக்கு இழுக்கப்படும். கடைசி சில மைல்களில் 800 மீட்டர்காரரின் கால்களுக்கும் பயிற்சி கிடைத்துவிடுகிறது. 1961 டிசம்பரில் ஒரு மாரத்தான் ஓடிவிட்டு, சில வாரங்களில் வாங்கனூயி புல்தரையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார் அவர். ஒரு வாரம் கழித்து கிறைஸ்ட்சர்ச்சில் 800 மீட்டரை 1:44.3இல் முடித்தார். அதுவும் புல்தரைதான்.

லிடியார்டின் அசலான பங்களிப்பு தூரம் என்று நான் நினைக்கவில்லை. நெடுந்தூரம் ஓடியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அவர் கொடுத்தது வரிசை. முதலில் பத்துப் பன்னிரண்டு வாரம் மூச்சுத் தளத்தைக் கட்டுவது, அடுத்து மேட்டுச் சாலையில் துள்ளி ஏறுவது, அதன் பிறகே டிராக்கில் கடும் வேகம், கடைசியில் பந்தயத்துக்கான கூர்தீட்டல். மூச்சு வாங்க வைக்கும் வேகப் பயிற்சியின் பலன் சில வாரங்களில் உச்சத்தைத் தொட்டுவிடும், மேலும் தொடர்ந்தால் உடல் சரியும் என்பதைக் கருவி எதுவும் இல்லாமல் கண்டுகொண்டவர் அவர். இன்றைய ஓட்டப் பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் எலும்புக்கூடு.

உலகமோ 100 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டது. அந்த எண் வந்தது லிடியார்டின் சொந்த உடலிலிருந்து. கூட்டியும் குறைத்தும், ஒரு கட்டத்தில் வாரம் 250 மைல் வரைகூட ஓடிப் பார்த்து, தனக்குத் தாங்கும் என்று அவர் நிறுத்திய இடம் அது. அந்த 100 மைலும் சுறுசுறுப்பான, ஆனால் மூச்சுத் திணறாத வேகத்தில் ஓடியவை. மெல்லோட்டம் கணக்கிலேயே வராது. இந்த விவரம் தெரியாமல் மைலை மட்டும் எண்ணியவர்கள் ஒன்று ஊர்ந்தார்கள், இல்லையென்றால் உடைந்தார்கள். கிலோமீட்டருக்கு 4 நிமிடத்தில் ஓடுபவருக்கு 160 கிலோமீட்டர் பத்தே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆறரை நிமிடக்காரருக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டையும் ஒரே பயிற்சி என்று எப்படிச் சொல்வது? பிற்காலத்தில் லிடியார்டே மைலை விட்டு நேரத்தைப் பேசத் தொடங்கினார். மேட்டுத் துள்ளலும் பழகாதவரின் கெண்டைக்காலையும் குதிகால் தசைநாணையும் பதம் பார்க்கக்கூடியது.

இன்னொரு குறை, ஆண்டுக்கு ஒரே உச்சம். ஒலிம்பிக்குக்காகவே காத்திருப்பவருக்கு இது வரம். 1967 வாக்கில் பின்லாந்து லிடியார்டை அழைத்தது. அவருடைய சிந்தனை பயிற்சியாளர் ரோல்ஃப் ஹைக்கோலா வழியாக லாஸே விரேனிடம் சேர்ந்தது. 1972 மியூனிக்கில் 10,000 மீட்டர் பந்தயத்தின் நடுவே கீழே விழுந்து, எழுந்து ஓடி, உலகச் சாதனையோடு வென்றார் விரேன். அங்கும் 1976 மாண்ட்ரியாலிலும் 5000, 10,000 இரண்டிலும் தங்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த விரேனைக் காணோம். ரத்தம் ஏற்றிக்கொண்டார் என்ற சந்தேகம் அதனால்தான் கிளம்பியது. அவர் மறுத்தே வந்திருக்கிறார், நிரூபணமும் இல்லை. எதுவானாலும், மாதத்துக்கு மாதம் பந்தயம் ஓடிப் பிழைக்க வேண்டிய இன்றைய ஓட்டக்காரர் அப்படி மறைந்திருக்க முடியாது.

ஆதாரத்தின் எடையையும் பார்க்க வேண்டும். ஆக்லாந்தின் ஒரு சிறு வட்டாரத்திலிருந்தே இத்தனை பேர் வந்தது முறையின் வெற்றிக்குச் சான்று என்பார்கள். எனக்கும் அதில் பாதிக்கு மேல் சம்மதம். ஆனால் அதே மலைச்சாலையில் அடிபட்டு ஒதுங்கியவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. சின்ன வயதில் ரக்பி ஆடி இடக்கை முடங்கிப்போன ஹால்பர்க் சாம்பியனானதை வைத்து, யார் வந்தாலும் தேறுவார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

லிடியார்டின் ‘திணறாத வேகம்’ எது என்பதை இன்று நார்வேக்காரர்கள் காதுமடலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கிறார்கள். முன்னாள் 5000 மீட்டர் வீரரும் மருத்துவருமான மாரியஸ் பாக்கன் தன் மீதே சோதித்து வளர்த்த முறை இது: காலையும் மாலையும் த்ரெஷோல்ட் ஓட்டம் (ரத்தத்தில் லாக்டேட் குவியத் தொடங்கும் எல்லையை ஒட்டிய வேகம்), லாக்டேட் அந்த எல்லையை மீறினால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவது. இதே வழியில் வந்த யாகோப் இங்கெப்ரிக்ட்சென் டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500, பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கம் வென்றார். 2025 மார்ச்சில் நான்ஜிங் உள்ளரங்கப் போட்டியில் 1500, 3000 இரண்டையும் வென்றார். ஒற்றை உச்சப் பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றியது. ஆனால் அந்த ஆண்டுக் கோடையின் பெரும்பகுதியைக் குதிகால் தசைநாண் காயம் தின்றுவிட்டது. ரத்தத்தில் லாக்டேட் அளவு தெரியும். தசைநாணின் களைப்பு அதில் தெரிவதில்லை. லாக்டேட் அளக்கும் கருவியும் அதற்கான பட்டைகளும் வாங்க வசதியில்லாத பயிற்சியாளருக்கு லிடியார்டின் பழைய சோதனை இன்னும் போதும்: ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பது.