களஞ்சியத்தைப் பூட்டி வைப்பதும் பாதுகாப்பா?

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "பாபநாசத்துல நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்காமே, நம்ம பக்கம்தானே, ஒரு எட்டு போய்ட்டு வந்துருவமா?" அது தாமிரபரணி பாபநாசம் இல்லை, தஞ்சாவூர் பாபநாசம் என்றேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பேரிலேயே நெல்லை வைத்திருக்கிற ஊர்க்காரர், வருத்தப்படாமல் என்ன செய்வார்!

அவர் சொன்னது திருப்பாலைத்துறைக் களஞ்சியம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரகுநாத நாயக்கர் காலத்தில் கட்டியது. வட்டமான செங்கல் கட்டடம், மேலே கூம்பு. 36 அடி உயரம், 3000 கலம் நெல் பிடிக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, இடிந்து விழவில்லை. அந்த வரைக்கும் சந்தோஷம். ஆனால் நெல் போட வேண்டிய இடத்தில் ஒரு பலகைதான் இருக்கிறது. பாதுகாப்பு என்றால் வேலியும் பலகையும்தான் என்று நாமும் பழகிவிட்டோம்.

இன்னொரு வழி பாட்னாவின் கோல்கர். 1770 பஞ்சத்துக்குப் பிறகு, பஞ்சமே வராமல் தடுக்கிறோம் என்று கம்பெனி அரசு 1786இல் கட்டியது. 29 மீட்டர் உயரம், சுற்றி ஏற 145 படி. ஒரு நாளும் முழுசாக நிரம்பியதில்லை. இதைப்போல வரிசையாகக் கட்டுவதாகச் சொன்ன திட்டமும் அத்தோடு நின்றுபோனது. பிறகு அது ஜனங்கள் படியேறி கங்கையைப் பார்க்கும் இடமாக ஆனது. பூட்டி வைத்ததை விட இது மேல்தான். ஆனாலும் பஞ்சத்துக்காகக் கட்டியதை வேடிக்கை இடமாகப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

மூன்றாவது வழி முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996இல் திறந்தது. பழைய வீடுகளைக் கழற்றி எடுத்து வந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நேர்த்தியான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு பிழைக்கிறது, அது நின்ற தெரு பிழைப்பதில்லை.

இப்போ நம்ம பக்கத்துக்கு வருகிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் காரும் பிசானமும் விளைந்த பூமி இது. நெல்லைக் கோட்டைக் கணக்கில் அளந்தார்கள், கோட்டைக்கு 21 மரக்கால். விதைநெல்லை வைக்கோல் பிரியில் சுற்றிக் கட்டினால் அதற்கும் கோட்டை என்றுதான் பேர். வீட்டில் பத்தாயம், குலுக்கை. பண்ணைகளிலும் மடங்களிலும் தனியாகக் களஞ்சிய அறை. குத்தகைச் சட்டங்கள் வந்தன, வாரநெல் வருவது குறைந்தது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது, பிறகு கொள்முதல் நிலையங்களும் வந்தன. நெல் களத்திலிருந்து நேராக மூட்டையாகப் போனது. அறை காலியானது.

இந்தக் காலி அறைகளை என்ன செய்யலாம் என்றதும் நூலகம், சமுதாயக் கூடம் என்கிறார்கள். கொஞ்சம் கட்டடத்தையும் கேட்க வேண்டாமா? எலியும் ஈரமும் அண்டக்கூடாது என்று தளத்தை உயர்த்தி, சுவரைத் தடியாக வைத்து, வெளிச்சம் வராமல் கட்டியது அது. நூலகத்துக்காக ஜன்னல் உடைத்தால் சுவரின் பலம் போகும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. சில வருஷத்தில் பூச்சு உப்பி, செங்கல் பொடிந்து கொட்டும். 'புதுப்பித்த' கட்டடங்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஒவ்வொரு அறுவடையிலும் கொள்முதல் நிலைய வாசலில் நெல் மழையில் நனைகிற செய்தி வருகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள், விவசாயி தார்ப்பாயோடு காத்துக் கிடக்கிறான். பக்கத்திலேயே ஈரம் புகாத அறை பூட்டிக் கிடக்கு. ஊர் முழுக்க விளைவதை அதில் அடக்க முடியாதுதான். ஆனால் மகளிர் குழுவின் விதைநெல் வங்கிக்கு அளவெடுத்துக் கட்டியது போல இருக்கும். முன்னால் கிடக்கும் களத்தைக் காயப்போடும் இடமாக விட்டால் போதும்.

இதைச் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெரியவரிடம் சொன்னேன். பண்ணையில் மூட்டை சுமந்தவர். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அதுக்குள்ள நாங்க போனது சொமக்கத்தான் தம்பி. கொட்டிட்டு உடனே வெளிய வந்துரணும். அளந்து போடும்போது வாசலுக்கு வெளியதான் நின்னோம். இப்ப ஊருக்குப் பொதுன்னு சொல்லுதிய. சாவி யாருட்ட இருக்கும்?"

மரபுக் கட்டட ஆர்வலர்கள் எழுதுவதில் (நான் எழுதியதிலும்தான்) இந்தக் கேள்வி வருவதே இல்லை. தூண், உத்தரம், சுண்ணாம்புக் கலவை எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறோம். மரக்காலைத் தலைதட்டி அளந்தவர் யார், குவித்து அளந்து வாங்கியவர் யார் என்பதை எழுதுவதில்லை. 'சமூகப் பயன்பாடு' என்று எழுதும்போது அந்தச் சமூகத்துக்குள் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டா என்பதைத் திட்ட அறிக்கையிலேயே போட வேண்டும். பராமரிப்புக் குழுவில் யார் பேர், சாவி எந்தத் தெருவில், வாடகை போட்டால் யாருக்கு விலக்கு என்பதெல்லாம் சுண்ணாம்பு வாங்கும் முன்னாலேயே முடிவாக வேண்டியவை.

பெரியவரிடம் அடுத்த மாதம் திரும்பவும் போகிறேன். அறையின் அளவுகளை எடுக்க அவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே எந்த மூலையில் தளம் இறங்கியிருக்கு என்று அவருக்குத் தெரியுமாம்.