சர்க்கஸும் சரித்திரமும் குழந்தைகளும்

குழந்தைகளுக்காக எழுதுவதைப் பற்றி நம்மிடையே ஒரு விசித்திரமான அபிப்பிராயம் இருந்து வருகிறது. பெரியவர்களுக்கு எழுதுகிறவன் யோசித்து எழுத வேண்டும், குழந்தைகளுக்கு எழுதுகிறவன் கொஞ்சம் குனிந்து, குரலைக் குழைத்து, "குட்டிகளே!" என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். கதை விஷயத்திலேயே இப்படி என்றால் சரித்திர விஷயத்தைக் கேட்கவே வேண்டாம். பெயரும் வருஷமும் ஒரு கரண்டி, சர்க்கரைப் பாகு ஒரு கரண்டி. இரண்டையும் கலந்து கொடுத்துவிட்டால் குழந்தைச் சரித்திரம் தயார்.

சமீபத்தில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையில் உள்ள குழந்தைகள், கணினித் திரையில் தாங்களே தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படியாகச் சர்க்கஸின் சரித்திரத்தை அமைத்துக்கொண்டிருக்கிறார். "கதை சொல்லத் தெரிந்தவர்கள் ஒரு தடவை பார்த்தால் நல்லது ஸார்" என்றார். பார்த்தேன். அவரிடம் நேரில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். அவருடைய திட்டத்தில் உள்ள குறைகள் அவருடைய குறைகள் மாத்திரம் அல்ல. நாம் அச்சடித்து, அட்டை போட்டு, பிறந்த நாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிற குழந்தைப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றிலும் உள்ளவை.

திட்டம் இதுதான். ஒரு கோமாளி வழிகாட்டியாக வருகிறான். கூடாரத்தைத் தொட்டால் திறக்கிறது. யானையைத் தொட்டால் பிளிறுகிறது. சிங்கத்தைத் தொட்டால் கர்ஜிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஐந்து கேள்விகள். முதல் சர்க்கஸ் எந்த வருஷம்? 1768. நடத்தியவர் யார்? பிலிப் ஆஸ்ட்லி. எந்த ஊரில்? லண்டனில். சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் வாணவேடிக்கை. தகவல்களில் பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. ரோமாபுரியில் இருந்த சர்க்கஸ் மாக்ஸிமஸ் என்பது ரதங்கள் ஓடும் மைதானம், அதற்கும் நம்முடைய சர்க்கஸுக்கும் பெயரளவில்தான் உறவு என்பதைக்கூடச் சரியாகக் குறித்திருக்கிறார். ஆஸ்ட்லி தம்முடைய அரங்கத்துக்குச் சர்க்கஸ் என்று பெயர் வைக்கவில்லை, 1782-ல் போட்டியாகக் கிளம்பிய ஹியூஸும் டிப்டினும்தான் 'ராயல் சர்க்கஸ்' என்று பெயர் வைத்தார்கள் என்பதும் இருக்கிறது. உழைத்திருக்கிறார், சந்தேகமில்லை.

ஆனாலும் பார்த்து முடித்தபோது எனக்கு டிக்கன்ஸின் ஞாபகம்தான் வந்தது.

1854-ல் அவர் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலின் ஆரம்பத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பு வருகிறது. தகவல்களைத் தவிர வேறு எதையும் குழந்தைகளுக்குச் சொல்லக்கூடாது என்று சபதம் செய்துகொண்ட கிராட்கிரைண்ட் என்பவர், சிஸ்ஸி ஜூப் என்ற சிறுமியை எழுப்பி, குதிரை என்றால் என்ன என்று இலக்கணம் கேட்கிறார். அவள் சர்க்கஸ்காரனின் மகள். குதிரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். திகைத்துப் போய் வாய் திறக்காமல் நிற்கிறாள். பிட்ஸர் என்ற பையன் எழுந்து பல்லின் எண்ணிக்கை உள்படக் கடகடவென்று ஒப்பிக்கிறான். வகுப்பில் அவன்தான் கெட்டிக்காரன். குதிரையை அறிந்தவள் மக்கு என்று உட்கார்த்தப்படுகிறாள். குதிரையின் ஜாபிதாவை அறிந்தவனுக்குப் பாராட்டு. இந்த அநியாயத்தைக் காட்ட டிக்கன்ஸ் பள்ளிக்கூடத்துக்கு எதிராகச் சர்க்கஸைக் கொண்டுவந்து நிறுத்தியது சும்மா அல்ல என்பது நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

இளைஞரின் திட்டத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் பிட்ஸருக்குத்தான் போய்ச் சேரும். வர்ணமும் சங்கீதமும் சேர்த்திருப்பதால் கிராட்கிரைண்டின் வகுப்பு வேறு வகுப்பாக மாறிவிடாது.

அப்படியானால் சிஸ்ஸிக்குத் தெரிந்தது என்ன? அதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆஸ்ட்லியின் வட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்ட்லி குதிரைப் படையில் இருந்தவர். குதிரையின் முதுகில் நின்று சவாரி செய்து காட்டுகிறவர்கள் அவர் காலத்து லண்டனில் வேறு பலரும் இருந்தார்கள். அவர் குதிரையை வட்டமாக ஓட்டினார். அந்த வட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். வட்டத்தில் பாய்ந்து ஓடும் குதிரை உள்பக்கமாகச் சாய்கிறது. மேலே நிற்கிறவனும் சாய்கிறான். அவனை வெளியே தள்ளப் பார்க்கும் வேகமே குதிரையின் முதுகோடு அவன் பாதத்தைச் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வட்டம் ரொம்பப் பெரிதாகிவிட்டால் அந்த ஒத்தாசை போய்விடும். ரொம்பச் சிறிதாகிவிட்டால் குதிரையால் பாய்ச்சலோடு திரும்ப முடியாது. கடைசியில் நிலைத்த அளவு 42 அடிக் குறுக்களவு. இன்றைக்கும் உலகத்தில் பெரும்பாலான சர்க்கஸ் வட்டங்கள் ஏறக்குறைய அந்த அளவில்தான், அதாவது சுமார் 13 மீட்டரில், இருக்கின்றன.

திட்டத்தில் இந்த 42 ஒரு கேள்விக்கு விடையாக மட்டும் வருகிறது. நான் இளைஞரிடம் சொன்னேன்: "வட்டத்தைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கட்டும், சிறிதாக்கட்டும். சவாரிக்காரன் விழட்டும். பத்துத் தடவை விழுந்து பதினொன்றாவது தடவை அவன் நிற்கிற இடத்தில் அந்த எண் தெரியட்டும்." அப்போது 42 என்பது அந்தக் குழந்தை சம்பாதித்த எண். நட்சத்திரம் எதற்கு?

பறக்கும் பார் விளையாட்டையும் இப்படியே செய்யலாம். துலூஸ் நகரில் தகப்பனார் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில், நீச்சல் குளத்துக்கு மேலே பாரைத் தொங்கவிட்டுப் பழகியவர் ஜூல்ஸ் லியோடார். 1859-ல் பாரிஸில் அவர் ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குத் தாவியபோது கீழே வலை கிடையாது. இந்த வித்தையின் உயிர் கையை விடுகிற கணத்தில் இருக்கிறது. ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் அடுத்த பார் எட்டாது. திரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரலைச் சரியான கணத்தில் எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், புத்தகம் எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாததை ஒரு குழந்தை தன் விரல் நுனியில் தெரிந்துகொள்ளும். புத்தகத்துக்கு இல்லாத சௌகரியம் இந்தப் புதிய சாதனத்துக்கு இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான். யானையைப் பிளிற வைப்பதில் இல்லை.

யானை என்றதும் என்னுடைய இரண்டாவது ஆட்சேபத்துக்கு வந்துவிடுகிறேன். இதுதான் முக்கியமானது.

திட்டத்தில் ஜம்போ என்ற யானைக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருக்கிறார். நம் ஊர்க் கடைகளில் பெரிய பொட்டலத்துக்கு ஜம்போ என்று பெயர் போடுகிறோமே, அந்த அர்த்தத்தை அந்த வார்த்தைக்குத் தந்த யானை அது. தொட்டால் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறுகிறது. அதோடு சரி. ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடிபட்டது, பாரிஸுக்கு வந்தது, 1865-ல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு மாற்றப்பட்டது, 1882-ல் அமெரிக்கரான பார்னம் 2,000 பவுனுக்கு வாங்கிக் கப்பலேற்றினார், 1885-ல் கனடாவில் செயின்ட் தாமஸ் என்ற ஊரில் ரயில் மோதிச் செத்தது, செத்த பிறகும் தோலை ஒரு பக்கமும் எலும்பை ஒரு பக்கமுமாகப் பாடம் பண்ணிக் காட்சிக்கு வைத்தார்கள். இதெல்லாம் அங்கே இல்லை. கேட்டேன். "குழந்தைகள் மனசு கஷ்டப்படும் ஸார். பெற்றோர்கள் ஆட்சேபிப்பார்கள்" என்றார்.

பார்னமும் அங்கே தொப்பியும் புன்னகையுமாக ஒரு மந்திரவாதி மாதிரி நிற்கிறார். 1835-ல் அவர் காட்சித் தொழிலை ஆரம்பித்தது எதை வைத்து? ஜாய்ஸ் ஹெத் என்ற, அடிமையாக இருந்த ஒரு கறுப்புக் கிழவியை வைத்து. கண் தெரியாத, எழுந்து நடமாட முடியாத அந்த அம்மாளுக்கு 161 வயது என்றும், ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் என்றும் விளம்பரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். மறு வருஷம் அவள் இறந்தபோது, டிக்கெட் போட்டு, ஜனங்கள் முன்னிலையில் பிரேதப் பரிசோதனை நடத்தினார். வயது எண்பதுக்கு மேல் இராது என்றார் வைத்தியர். பார்னமின் பெயரைச் சொல்லிவிட்டு இந்த அம்மாளின் பெயரைச் சொல்லாமல் விடுகிற சரித்திரம் அவருடைய விளம்பரத் தாளின் தொடர்ச்சியே தவிர வேறு இல்லை.

குழந்தைகள் மனசு கஷ்டப்படும் என்பது வாஸ்தவம். படட்டுமே. நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நம்முடைய பாட்டிமார்களும் தாய்மார்களும்? பயமுறுத்துவது வேறு, இரக்கப்பட வைப்பது வேறு. பயந்த குழந்தை கண்ணை மூடிக்கொள்கிறது. இரக்கப்பட்ட குழந்தை, 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி வராத சரித்திரத்தை எதற்காகச் சொல்ல வேண்டும்?

இதற்காகத் 'துயரப் பக்கம்' என்று தனியாக ஒன்று திறக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல் ஆகும். தேசப்படத்தில் ஜம்போ போன வழியைக் குழந்தை விரலால் தொடர்ந்து போகட்டும்; அந்தப் பிரயாணத்தின் நீளமே வேண்டியதைச் சொல்லிவிடும். ஜாய்ஸ் ஹெத்தின் விளம்பரத்தைக் காட்டி, இதனால் பணம் யாருக்குப் போயிற்று என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு நட்சத்திரம் வேண்டாம்.

நம் தேசத்துக் கதைக்குத் திட்டத்தில் இரண்டே வரிகள். 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரே இந்தியாவின் முதல் சர்க்கஸை ஆரம்பித்தார். 1901-ல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலச்சேரியில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி நடத்தினார். இரண்டும் சரி. நம் ஊர்களுக்குக் கூடாரம் போட வந்த கம்பெனிகளில் பார் ஆடினவர்களை மலையாளத்துக்காரர்கள் என்று நாம் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அந்தத் தலச்சேரிப் பள்ளிதான் மூலம். ஆனால் அந்த வித்தைக்கு உடம்பு வளைய வேண்டும். உடம்பு வளைய வேண்டுமானால் சிறு வயதிலேயே வர வேண்டும். பிழைப்புக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு அது சோறும் பெயரும் கொடுத்தது. அதே தொழில் எத்தனையோ குழந்தைகளுடைய பள்ளிக்கூடத்தையும் விளையாட்டையும் எடுத்துக்கொண்டது. 2011-ல் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும்படி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னால், 2001-ல், சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்ற 1998-ம் வருஷத்துத் தடையை அதே நீதிமன்றம் ஊர்ஜிதம் செய்திருந்தது. மிருகங்களுக்குக் கிடைத்த தீர்ப்பு குழந்தைகளுக்கு முன்னால் கிடைத்தது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பெண் படித்தால் அவளுக்குத் தோன்றுவது நமக்குத் தோன்றுவதைவிடக் கூர்மையாக இருக்கலாம். வட்டத்துக்குள் நின்றவளும் அவள் வயதுக்காரிதானே?

கடைசியாக அந்தக் கோமாளி. திட்டம் முழுவதும் சிரித்துக்கொண்டே வருகிறான். அவனை மாற்றச் சொன்னேன். 1944-ம் வருஷம் ஜூலை 6-ம் தேதி, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ரிங்லிங் சர்க்கஸின் கூடாரம் தீப்பற்றியது. மழைநீர் இறங்காமல் இருப்பதற்காகத் துணியில் மெழுகையும் பெட்ரோலையும் கலந்து பூசியிருந்தார்கள். 167 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். எம்மெட் கெல்லி என்ற கோமாளி, முகத்தில் பூசிய வர்ணத்தோடும் பெரிய ஜோடுகளோடும், கையில் தண்ணீர் வாளியுடன் ஓடுவதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, கோமாளி என்றால் ஓயாமல் பல்லைக் காட்டுகிறவன் என்று குழந்தைகளிடம் சொல்ல எனக்கு மனம் வராது. வேஷத்துக்குள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்பதைத் தெரிந்துகொண்ட குழந்தை, அவன் வேண்டுமென்றே தடுக்கி விழும்போது இன்னும் நன்றாகச் சிரிக்கும்.

இப்படியெல்லாம் செய்தால் சர்க்கஸின் மேல் குழந்தைகளுக்கு வெறுப்பு வந்துவிடாதா என்று இளைஞர் கேட்டார். வராது என்பதற்குச் சரித்திரத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. ரிங்லிங் கம்பெனி 2016-ல் யானைகளை நிறுத்தியது; 2017-ல் கூடாரத்தையே மூடியது; 2023-ல் மிருகங்கள் இல்லாமல் மறுபடியும் ஆரம்பித்தது. யானை போயிற்று, சிங்கம் போயிற்று. கீழே விழக்கூடிய மனுஷன், கையை விட வேண்டிய அந்தக் கணம், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் ஆகியவை பாக்கி இருக்கின்றன. எது தேவையில்லாமல் இருந்தது, எது உயிராக இருந்தது என்பதைக் காலமே பிரித்துக் காட்டிவிட்டது. உண்மை முழுவதையும் கேட்ட பிறகும் மிஞ்சுகிற ஆச்சரியம்தான் நிஜமான ஆச்சரியம். மறைத்துக் காப்பாற்றினது பதினைந்து வயது வரையில்கூடத் தாங்காது.

இளைஞர் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். நட்சத்திரங்களை எடுத்துவிட அவருக்கு இன்னும் மனமில்லை. குழந்தைகள் ஏதாவது பரிசு எதிர்பார்ப்பார்கள் என்கிறார். எடுத்துவிட்டு ஒரே ஒரு குழந்தையிடம் காட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அது முடித்துவிட்டு எழுந்து போய் வீட்டில் யாரிடமாவது எதையாவது கேட்டால் திட்டம் ஜயித்தது என்று அர்த்தம்.