காக்கி உடையும் பெண்மையும்: இரு திரைப்படங்களை முன்வைத்து

ஒரு சமுதாயம் பெண்ணைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறியச் சட்ட நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. அது விரும்பிப் பார்க்கும் திரைப்படங்களைக் கூர்ந்து நோக்கினாலே ஓரளவு விளங்கிவிடும். காவல் துறைப் பெண்ணை நடுநாயகமாகக் கொண்ட இரு படங்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்க விழைகிறேன். ஒன்று, 1990-இல் தெலுங்கில் ‘கர்த்தவ்யம்’ என வெளிவந்து, ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்னும் பெயரில் தமிழில் மொழிமாற்றம் பெற்று ஓடியது. மற்றொன்று, சுரேஷ் காமாட்சி இயக்கி 2019-இல் திரைக்கு வந்த ‘மிக மிக அவசரம்’. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இரண்டுமே ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: உயிருக்கு ஆபத்தான களப்பணிக்குப் பெண் ஏற்றவள்தானா?

இது நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சூளகிரிப் பகுதியில் வாழ்வோர் இதன் கனத்தை அறிவர். 2016 ஜூன் மாதம் ஓசூரில் சங்கிலிப் பறிப்புக் கும்பலைப் பிடிக்க முயன்ற தலைமைக் காவலர் முனுசாமி குத்திக் கொல்லப்பட்டார். 2023 பிப்ரவரி 2-ஆம் நாள் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் கொதித்தெழுந்த கூட்டம், கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையை மணிக்கணக்கில் மறித்தது, கற்கள் பறந்தன, தடியடியும் கண்ணீர்ப் புகையும் தொடர்ந்தன. இத்தகைய நாள்களை நேரில் கண்ட பெற்றோர், தம் மகள் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள் என்றதும், “சாமி, பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா?” என்று கேட்பது இயல்பே. அக்கேள்வியில் அன்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. இரண்டையும் மதித்தே விடை தேட வேண்டும்.

முதற்படத்தை எடுத்துக்கொள்வோம். வைஜெயந்தி நேர்மையான அதிகாரி. ஊழல் அரசியல்வாதியையும் அவனுடைய அடியாள்களையும் அஞ்சாது எதிர்க்கிறாள். அடிபட்டு வீழ்ந்தும் மீண்டெழுகிறாள். விஜயசாந்தி இப்பாத்திரத்தில் தோன்றிச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். விருதுக்கு அவர் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. சண்டைக் காட்சிகளில் அவரது உடல்மொழியில் பாசாங்கு இல்லை. அதுவரை கதாநாயகனின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த திரைப்பெண், முதன்முறையாகத் தன் காலில் நின்று கட்டளையிடுவதைக் கண்டு நம் ஊர்ப் பெண்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படம் பெண்ணின் தகுதியை எதைக்கொண்டு நிறுவுகிறது? ஆண் நாயகன் செய்வதையெல்லாம் அவளும் செய்கிறாள் என்பதைக்கொண்டுதான். பத்துப் பேரைத் தனியாக அடித்து வீழ்த்துகிறாள். ஆகவே அவள் காவல் பணிக்குத் தக்கவள். இவ்வாதத்தை ஏற்றால், பத்துப் பேரை அடிக்க இயலாத பெண் தகுதியற்றவள் என்றாகிவிடும். பத்துப் பேரைத் தனியாக அடிக்கும் ஆண் காவலரை நாம் எங்கே கண்டோம்? திரை நாயகனின் பொய்யான அளவுகோலை அப்படியே பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, அதையே விடுதலை என்று படம் நம்மை நம்பச் செய்கிறது.

இரண்டாம் படம் இதற்கு நேர்மாறானது. இங்கே சண்டை இல்லை; பாய்ச்சல் இல்லை. முக்கியப் பிரமுகர் ஒருவரின் வருகைக்காகப் பாலத்தின் மேல் பந்தோபஸ்துக்கு நிறுத்தப்பட்ட ஒரு பெண் காவலர். ஸ்ரீ பிரியங்கா அப்பாத்திரத்தில் வருகிறார். அவருக்குக் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும். தன் இச்சைக்கு இணங்காதவள் என்பதால் வன்மம் கொண்ட மேலதிகாரி அனுமதி மறுக்கிறார். கதை இவ்வளவே. வெயிலும் வாகன இரைச்சலும், நகர முடியாத ஓர் உடலின் வேதனையும் படம் முழுவதையும் நிறைக்கின்றன. பெண் காவலரின் உண்மையான நாள் எப்படிக் கழிகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தமிழ்ப் படம் அரிது. நடிகை முகத்தையே பெரிதும் நம்பி நடித்திருக்கிறார். அம்முகம் நம்மை ஏமாற்றவில்லை.

இப்படத்தின் சிறப்பு, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வியைத் திசை திருப்பியதில் இருக்கிறது. வைஜெயந்திக்கு ஆபத்து வெளியே இருந்தது. பாலத்தில் நிற்கும் பெண்ணுக்கோ அது தன் துறைக்குள்ளிருந்தே வருகிறது. இது கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரிடமே பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகச் சிறப்பு டி.ஜி.பி. நிலையில் இருந்த ஒருவர்மீது 2021-இல் வழக்குப் பதிவாகி, 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் நிலையில் இருந்த பெண்ணுக்கே இக்கதி என்றால், கடைநிலைக் காவலரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இப்படத்திலும் ஒரு குறை உண்டு. கொடுமைக்குக் காரணம் ஒரு கெட்ட அதிகாரி என்று கதை சுருங்கிவிடுகிறது. அவர் நல்லவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அனுமதி கிடைத்திருக்கும், ஆனால் போவதற்கு இடம்? நெடுஞ்சாலையிலும் பாலத்திலும் மணிக்கணக்கில் நிற்போருக்குக் கழிப்பறை வேண்டும் என்று திட்டமிடாத ஏற்பாடுதான் மூலக் குற்றவாளி. வில்லனின் முகத்தைப் பெரிதாகக் காட்டிய ஒளிப்படக் கருவி, அவ்வேற்பாட்டின் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை.

படம் வந்து இரண்டாண்டு கழிவதற்குள், 2021 ஜூனில், முதலமைச்சரின் அறிவுரையை ஏற்று, சாலையோரப் பந்தோபஸ்துப் பணியில் பெண் காவலரை நிறுத்துவதைத் தவிர்க்குமாறு காவல் துறைத் தலைமை இயக்குநர் உத்தரவிட்டார். இதை நன்றியோடு வரவேற்றோர் பலர். அவர்களோடு நானும் சேர்கிறேன். எனினும் சற்று நின்று சிந்திக்க வேண்டும். குறை சாலையில் இருந்தது, அகற்றப்பட்டவரோ பெண். சாலைக்கு வசதியைக் கொண்டுவருவது ஒரு வழி. சாலையிலிருந்து பெண்ணைக் கொண்டுபோவது மற்றொரு வழி. இரண்டாவது வழியே பழகிப்போனால், “பெண்ணை இங்கே நிறுத்த முடியாது, அங்கே அனுப்ப முடியாது” என்ற பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். முடிவில் அவளுக்கு எஞ்சுவது மேசையும் கோப்பும்தான். பின்னர் நாமே, “களப்பணி தெரியாதவள்” என்று அவளைக் குறைகூறுவோம். 2023-இல் தமிழகப் பெண் காவலரின் பொன்விழாவில் அறிவிக்கப்பட்ட ஓய்வறை, குழந்தைகள் காப்பகம், காலை ரோல் கால் நேரத்தை 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றுதல் போன்றவை முதல் வழியைச் சேர்ந்தவை. பெண்ணைப் பணியில் இருத்திக்கொண்டே பணியைத் திருத்துபவை அவை.

பொன்விழா என்றேன். 1973-இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என 22 பெண்களோடு தொடங்கியது இவ்வரலாறு. 1976-இல் பணியேற்ற திலகவதி தமிழகத்தின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியானார். அவர் நம் பழைய தர்மபுரி மாவட்டத்து மகள் என்பது நமக்குப் பெருமை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-இல் லத்திகா சரண் தமிழகக் காவல் துறையின் தலைமை இயக்குநரானார். 22 பேரில் தொடங்கியது நாற்பது ஆண்டுகளுக்குள் துறையின் தலைமைவரை எட்டிவிட்டது.

இனி மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடினால் போதும். ஓடும் திருடன் பெண் காவலருக்காக வேகத்தைக் குறைத்துக்கொள்வானா என்று கேட்கிறார்கள். சராசரி உடல் வலிமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுப்பது உண்மைக்கு மாறானது. ஆனால் சராசரி எவரும் பணிக்கு வருவதில்லை; குறிப்பிட்ட ஒரு பெண்தான் வருகிறாள். அவளால் இயலுமா என்பதைப் பயிற்சியும் பணியும் காட்டட்டும். பணிக்கு எவ்வளவு வலிமை உண்மையில் தேவையோ அவ்வளவை இருபாலாரிடமும் கேட்பதே நீதி. தேவைக்கு மேல் கேட்பது பெண்ணுக்கு அநீதி. தேவைக்குக் கீழே கேட்பது அவளை நம்பி நிற்கும் தோழருக்கும் அவளுக்குமே அநீதி. சலுகை என்ற பெயரில் பயிற்சியைக் குறைப்பவர் அவளுக்கு நன்மை செய்வதில்லை.

இதை வேறு நாடுகளில் ஆய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ரோந்துப் பணிக்கு எடுக்கப்பட்ட 86 பெண்களையும் 86 ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1974-இல் வெளிவந்தது. பெண்கள் கைது செய்தவர் தொகை சற்றுக் குறைவு; ஆயினும் வன்முறை மூளக்கூடிய சூழல்களைக் கையாள்வதில் இருசாராரும் ஒத்தே இருந்தனர். 1991-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறையை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஆணையமோ, அளவுமீறிய பலப்பிரயோகத்தில் ஈடுபடுவோர் பெண் காவலரிடையே மிகக் குறைவு என்று கண்டது. காவல் நிலைய மரணங்களைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன நமக்கு இது சிறிய செய்தியன்று.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. 2001 டிசம்பர் 13-ஆம் நாள் நாடாளுமன்றம் தாக்கப்பட்டபோது, வாயிலில் நின்ற மத்திய ரிசர்வ் காவல் படைக் காவலர் கமலேஷ் குமாரியின் கையில் துப்பாக்கி இல்லை. தீவிரவாதிகளைக் கண்டு எச்சரிக்கைக் குரல் எழுப்பினார். குண்டுகள் துளைக்க வீழ்ந்தார். நாடு அவருக்கு அசோக சக்கர விருதை வழங்கியது. 2021 நவம்பர் மழையில், கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் நினைவிழந்து கிடந்தவரை ஆய்வாளர் ராஜேஸ்வரி தம் தோளில் சுமந்து வந்தார். 2022 ஏப்ரலில் நெல்லை மாவட்டம் பழவூர்க் கோவில் கொடையில் பாதுகாப்புக்கு நின்ற உதவி ஆய்வாளர் மார்க்ரெட் தெரசாவின் கழுத்தை ஒருவன் கத்தியால் அறுக்க முயன்றான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக அவன்மீது அவர் முன்பு வழக்குப் பதிந்திருந்தார். கடமையைச் செய்ததற்குக் கிடைத்த காயம் அது. ஓசூரில் முனுசாமியை வீழ்த்தியதும் கத்திதான். கத்தி ஆண், பெண் பார்ப்பதில்லை. அதன்முன் ஆணின் புயவலி மட்டும் காப்பாகிவிடுவதுமில்லை.

‘துணிவு’ என்னும் நற்பண்பைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் கூறும் கருத்து இங்கே நமக்கு ஒளி தரும். தாக்குவதைவிடத் தாங்குவதே துணிவின் முதன்மைச் செயல் என்பது அவருடைய முடிவு. தாக்குபவன் தன்னை வலியவன் என எண்ணிப் பாய்கிறான்; தாங்குபவரோ தம்மைவிட வலியதன் முன்னே, ஆபத்து கண்ணெதிரே நிற்கையில், நெடுநேரம் நிலைகுலையாது நிற்கிறார். ஆகவே அதுவே கடினமானது. கலவரக் கூட்டத்தின் முன்னே கேடயத்தோடு நிற்கும் காவலரின் பணி பெரும்பாலும் இத்தகையதுதான். பாய்வது சில நொடி. நிற்பது பல மணி. இவ்வகையில் பார்த்தால் வைஜெயந்தியை விடப் பாலத்தின் மேல் நின்றவளே துணிவின் இலக்கணத்துக்கு நெருங்கியவள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. துணிவு என்பது ஒரு நன்மைக்காகத் தாங்குவது. அதிகாரியின் வன்மத்தை வாய்மூடிச் சகிப்பதில் எந்த நன்மையும் இல்லை. பெண்களுக்குப் பொறுமையை மட்டுமே போதித்துப் பழகிய நம் குடும்பங்கள் இவ்வேறுபாட்டை உணர வேண்டும். பாலத்தில் நின்றவளின் வேதனையைக் கண்டு கண்ணீர் விட்டு, “என்ன பொறுமை!” என்று வியந்து எழுந்து வந்தால், படத்தை நாம் சரியாகப் பார்க்கவில்லை என்றே பொருள். விவிலியத்தின் நீதித் தலைவர்கள் நூலில் வரும் தெபோராவை நினைவுகூருங்கள். அவர் உடன் வந்தாலன்றிப் போர்க்களம் செல்லேன் என்கிறான் படைத்தலைவன் பாராக்கு. தெபோரா செல்கிறார். அங்கே அவர் சகிப்பவராக அல்ல, அழைப்பவராகவும் ஆணையிடுபவராகவும் நிற்கிறார்.

இவ்விரு படங்களுக்கும் நடுவே இன்னும் எழுதப்படாத ஒரு கதை இருக்கிறது. அது பத்துப் பேரை அடிப்பவளின் கதையுமன்று, வதைபடுபவளின் கதையுமன்று. நன்றாகப் பயிற்சி பெற்று, அச்சத்தை அறிந்து, அதை அடக்கி, அருகில் நிற்கும் தோழரை நம்பி, அவராலும் நம்பப்பட்டு, தன் வேலையைச் செய்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் கதை. திலகவதி, கட்டடத் தொழிலாளரின் வாழ்வைக் ‘கல்மரம்’ என்னும் புதினமாக்கி 2005-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றார். கட்டடத் தொழிலாளரின் உழைப்பைக் கூர்ந்து கண்ட அத்தகைய கண், காவலரின் உழைப்பின் மீதும் விழ வேண்டும்.

பெற்றோரின் கேள்விக்கு என் விடை இதுவே. உங்கள் மகளின் உடலும் உள்ளமும் பயிற்சிக்கு ஈடுகொடுக்குமானால் அவள் போகட்டும். ஆபத்து உண்டு, அது உங்கள் மகனுக்கும் உண்டு. அவளைத் தடுப்பதில் செலவிடும் கவலையை வேறிடத்தில் செலவிடுங்கள். அவள் நிற்கும் இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா, அவள் புகார் சொன்னால் கேட்க ஆள் உண்டா, வேலை முடிந்து நள்ளிரவில் அவள் திரும்பும்போது அண்டை வீட்டார் அவள் நடத்தையைப் பேசாமல் இருப்பார்களா என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் அரசு விடை சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.