வைக்க இடமில்லாதவர்

காரைக்கால் கோவில்பத்து பார்வதீசுவரர் கோயிலுக்குத் தேவாரத்தில் திருத்தெளிச்சேரி என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இந்தளப் பண்ணில் பாடிய இத்தலத்துப் பதிகம் 2ஆம் திருமுறையில் மூன்றாவதாக இருக்கிறது. மாணவரிடம் கொடுத்து மையக்கருத்து கேட்டால் ‘சிவபெருமானின் பெருமை’ என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண் கிடைத்துவிடும், பாட்டு கிடைக்காது.

நான்காம் பாட்டை எடுத்துக்கொள்வோம். முன்னிரண்டு அடிகள் ஊரைச் சொல்கின்றன. மேகம் உலவும் கடலின் சிப்பிகள் முத்துகளைக் கரையில் கொட்டுகின்றன. நெடிய வீதிகளில் தேர்கள் உலாவருகின்றன. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரரே என்று இறைவனை நேருக்கு நேர் விளித்துவிட்டு, அடுத்த இரண்டடியில் ஒரு சீண்டல்: பிச்சைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போக இடமில்லாமல்தான் அம்மையை உடம்பின் பாதியிலேயே வைத்துக்கொண்டீரோ?

மாதொருபாகன் என்றால், சிவமும் சக்தியும் பிரியாதவை என்று உரை நீளும். சம்பந்தர் காட்டும் காரணமோ குடித்தனக்காரரின் இடநெருக்கடி. முத்து கொழிக்கும் ஊரில் ஒண்ட இடமில்லாத ஆண்டவர்! முன்பாதியில் அவ்வளவு செல்வம் ஏன் என்பது பின்பாதிக்கு வந்தால்தான் விளங்கும். ஊர் வருணனையை ‘இயற்கை அழகு’ என்று தனியே நறுக்கிப் படித்தால் இந்தக் குறும்பு போயே போய்விடும். எதுகையும் இதற்குத் துணை நிற்கிறது. நான்கு அடியும் ‘உலா’ ஓசையோடு தொடங்குகின்றன. மேகமும் தேரும் உலவும் ஊரில் அவரும் திருவோட்டோடு உலவப் போகிறார்.

காமனை எப்படிக் கண்ணால் எரித்தீர், கங்கையை ஏன் சடையில் சூடினீர் என்று மற்றப் பாட்டுகளிலும் கேள்விகள் தொடர்கின்றன. வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் சூட்டி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தாத்தாவைப் பேரன் கேலி செய்யும் உரிமை இதில் இருக்கிறது. இறைவனை விளிக்கும் மரியாதைப் பன்மை மட்டும் ஓரிடத்திலும் தவறவில்லை.

ஒன்பதாம் பாட்டில் காற்றெழுப்பும் அலைக்குக் கை முளைத்துக் கரையில் வீசுகிறது. அடுத்த அடியிலேயே சேல்மீன் திரியும் வயல். நெய்தலும் மருதமும் இரண்டே அடியில்! கற்பனையென்று நினைக்க வேண்டாம், காரைக்காலில் கடலும் வயலும் இன்றும் அண்டை அயல்தான்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பதிகத்தை நான்காம் பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் முதலில் வாய்விட்டுப் படிக்கட்டும். உரையைப் பிறகு கொடுங்கள்.