பாலம் தகர்ந்தது, நோய் தீர்ந்ததா?

சுங்கை காடுட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நிற்கும் தோழர்களே! நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து நம் முன்னோரைச் சயாமுக்கு ஏற்றிச் சென்ற ரயிலை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்நினைவோடுதான், 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் படத்தை நாம் மதிப்பிடப் புகுகிறோம்.

நடிப்பில் குறை சொல்வார் இலர். கர்னல் நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸ், சிறைப்பட்டவனின் மானத்தையும் பிடிவாதத்தையும் கண்முன் நிறுத்துகிறார். ஆனால், 1942-43-இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்தோர் யாவர்? போர்க்கைதிகள் 60,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 2,00,000 பேர். ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டு செல்லப்பட்ட அவர்களுக்கு அக்காடே சிறை. மாண்டவரிலும் அவர்களே மிகப் பலர். இலங்கையில் எடுத்த இப்படத்தில் தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை! இது முதற்குறை.

இரண்டாவது அதனினும் பெரிது. பாலம் தகர்ந்ததும் கதை முடிகிறது. சிறைப்பட்டவன் உடம்பிலோ முடிவதில்லை. வெறுங்காலோடு சேற்றில் நின்றோரின் தோலைத் துளைத்து ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்னும் புழு உட்புகும். மருந்தில்லையேல் உள்ளேயே பெருகி ஆயுள் முழுதும் தங்கும். உடல் தளர்ந்தால் உயிரையும் குடிக்கும். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியார், மீண்டுவந்த பிரிட்டிஷ் கைதிகளை 1999 வரை சோதித்து வந்தனர். விடுதலையாகிப் பல பத்தாண்டுகள் கழித்தும் பலர் உடலில் அப்புழுவைக் கண்டு மருந்து கொடுத்தனர். தம் வீரர்க்குச் செய்த அக்கடமையை நாம் குறைகூறோம்.

அதே சேற்றில் நின்ற தோட்டத் தமிழனுக்கு அத்தகைய தொடர்ந்த சோதனை எங்கே? புழு நிறம் பார்ப்பதில்லை. கவனிப்புத்தான் நிறத்தோடு நின்றுவிட்டது. தீராத அரிப்பையும் வயிற்று நோவையும் தலைவிதியென்று எண்ணி மந்திரக் கயிறு கட்டிக்கொண்டால், குற்றவாளி தப்புகிறான், நோயாளி சாகிறான்.

ஆர். சண்முகம் 1993-இல் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலைத் தந்தார். படம் மறந்தவரை நினைத்த அப்பணி போற்றத்தக்கது. இனி எழுதுவோர்க்குக் கடன் ஒன்றுண்டு: மாண்டவரோடு நில்லாமல், மீண்டவர் லயத்து வீட்டில் காய்ச்சலில் நடுங்கிக் கழித்த இரவுகளையும் எழுத வேண்டும். உங்கள் பாட்டனார் எந்நோயால் நொந்தார் என்று வீட்டு மூத்தோரைக் கேட்டு இன்றே குறித்து வையுங்கள். மருத்துவ ஏட்டில் இடம்பெறாத மக்களுக்கு அக்குறிப்பே ஏடு; அதுவே இலக்கியத்துக்கு வித்துமாகும்.