‘அவேர்னஸ்’ என்னும் சொல்லும் ‘விழிப்புணர்வு’ என்னும் நிகரனும்

1. முன்னுரை

‘அவேர்னஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘விழிப்புணர்வு’ என்பது ஏறத்தாழ ஒரே நிகரனாக நிலைபெற்றுள்ளது. மருத்துவம், சட்டம், தேர்தல், சாலைப் பாதுகாப்பு என எத்துறையாயினும் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லையே கையாளுகின்றனர். இதன் பொருத்தத்தை, தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் ஸ்ரீ சிட்டி வட்டாரத்தைக் கருத்திற்கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. ஆங்கிலச் சொல்லின் பொருட்பரப்பு

‘அவேர்’ என்னும் பெயரடை தொடக்கத்தில் எச்சரிக்கையாயிருத்தலைக் குறித்தது; ‘பிவேர்’ என்பது அதன் இனச்சொல். இக்காலத்தில் அதற்கு மூன்று பொருள்கள் உள. ஒரு செய்தியை அறிந்திருத்தல் முதலாவது. அருகிலுள்ள ஒன்றைப் புலன்வழி உணர்தல் இரண்டாவது. ஒரு சிக்கலைப் பற்றிப் பொதுமக்களிடம் பரப்பப்படும் அறிவும் அக்கறையும் மூன்றாவது.

3. ‘விழிப்புணர்வு’: வழக்கும் எல்லையும்

தமிழ்ச்சொல் இம்மூன்றனுள் இறுதிப் பொருளையே தழுவுகிறது. தொடரமைப்பு இதற்குச் சான்று. ‘கூட்டம் தள்ளிவைக்கப்பட்டதை அவர் அறிவார்’, ‘பின்னால் யாரோ நிற்பதை உணர்ந்தாள்’ என்பன இயல்பான தொடர்கள். இவ்விடங்களில் ‘விழிப்புணர்வு’ பொருந்தாது. அச்சொல் ‘பற்றிய’, ‘குறித்த’ என்பவற்றோடு இணைந்து, ‘ஏற்படுத்து’, ‘ஊட்டு’ ஆகிய வினைகளை ஏற்கிறது. ‘மக்களிடையே’ என்பது அதன் வழக்கமான இடக்குறிப்பு. ஊட்டுபவர் ஒருவர், பெறுவோர் பலர் என்னும் உறவு இவ்வமைப்பிலேயே பொதிந்துள்ளது. மேலும், ‘விழிப்பு’ என்னும் முன்னுறுப்பு, பெறுவோர் அதுவரை உறங்கிக் கிடந்தனர் என்னும் குறிப்பையும் தருகிறது. ஆங்கிலச் சொல்லில் இக்குறிப்பு இல்லை.

4. தெலுங்கு வழக்குடன் ஒப்பீடு

2008இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ சிட்டி, முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்த தொழில் நகரம். அதனை அடுத்த சத்தியவேடு 1960 எல்லை மாற்றத்தின்போது சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற பகுதி. அங்குத் தமிழ் இன்றும் வீட்டுமொழியாக வழங்குகிறது.

தெலுங்கில் ‘அவேர்னஸ்’ என்பதற்கு வழங்கும் சொல் ‘அவகாஹன’. மூழ்குதலைக் குறிக்கும் வடமொழி வேரினின்று பிறந்த இது, ஆழ்ந்து புரிந்துகொள்ளுதல் என்னும் பொருளது. தொழில் நிறுவனங்களும் அரசும் செய்துகொள்ளும் ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ தெலுங்கில் ‘அவகாஹன ஒப்பந்தம்’ எனப்படும். தொழிலாளர்க்கு நடத்தப்பெறும் கூட்டமும் ‘அவகாஹன சதஸ்ஸு’ ஆகும். தமிழிலோ கையொப்பமிடுவோர்க்குப் ‘புரிந்துணர்வு’, தொழிலாளர்க்கு ‘விழிப்புணர்வு’ எனச் சொல் பிரிகிறது. முன்னதில் அறிவு இருதரப்புக்கும் பொது. பின்னதில் அது ஒருதரப்பின் குறையை நிரப்புவது.

5. மொழிபெயர்ப்பில் விளைவு

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. 1984 போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்தான செயல்முறைகளின் கேடுகளைத் தொழிலாளர்க்குத் தெரிவிக்கும் கடமையை ஆலை நடத்துவோர்மீது சுமத்தியது. ‘இடர்களை அறிவேன்’ என ஒருவர் கையொப்பமிடும்போது, அறிவித்தவர் ஒருவர் உண்டு என்பது உட்கிடை. அதனையே ‘இடர்கள் குறித்த விழிப்புணர்வு எனக்கு உண்டு’ என மொழிபெயர்த்தால், அறிவிக்கும் கடமை மறைந்து, கவனமாயிருக்கும் பொறுப்பு மட்டும் தொழிலாளர் தலையில் விழுகிறது. விபத்து நேரின் குறை அவருடையதாகவே தோன்றும். திருக்குறளில் ‘பொச்சாவாமை’ என்னும் அதிகாரம் அரசியலில் வைக்கப்பட்டுள்ளமை இங்கு நோக்கத்தக்கது. மறதியின்றி விழித்திருத்தல் அங்கு ஆள்வோரின் கடமை. ஆளப்படுவோர்க்கு ஊட்டப்படும் மருந்தன்று.

6. முடிவுரை

‘விழிப்புணர்வு’ தவறான ஆக்கமன்று; பொதுப் பரப்புரைக்கு அது தகும். ஆயினும் சட்டம், மருத்துவ ஒப்புதல், பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றில் ‘அறிதல்’, ‘உணர்தல்’, ‘புரிதல்’ என்னும் வினைகளை இடமறிந்து ஆளுதல் வேண்டும். அறிவித்தவர் யார், அறிந்தவர் யார் என்பதை வினை காட்டும். ‘விழிப்புணர்வு’ என்னும் பெயர்ச்சொல் மறைத்துவிடும்.