மலையடிவாரத்துக் கட்டுச்சோறு

பள்ளிக்கூடங்களை அடைத்துக் கோடை விடுமுறை பிறந்ததும், மதுரை நகரத்துக் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு விசாரணைக்கு வருகிறது. பிள்ளைகள் வாதிகள், அவர்கள் கோருவது பரவைப் பக்கத்து விளையாட்டுப் பூங்கா. தகப்பனார் பிரதிவாதி, தலைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துத் திகைத்து, சமணர் மலைக்கோ அழகர் கோயிலுக்கோ கீழடிக்கோ கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்வரலாமே என்பார். தீர்ப்பு எப்படி அமைந்தாலும், அதை நிறைவேற்றும் சிரமம் மட்டும் எத்தரப்பிலும் வாய் திறவாத தாயாரிடம் வந்து சேருகிறது. பூங்காவைத் தவிர்த்து ஊர்ப்புறம் புறப்படும் இவ்வழக்கத்தைப் புகழ்வோர் பலர் இருப்பதால், அதை ஒரு முறை தராசில் இட்டுப் பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியம்.

வழக்கம் என்னவோ பழையதுதான். சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குவதைக் காண, சுற்றுக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆற்று மணலில் அடுப்பு மூட்டி உண்டு, நிலவில் கண்விழித்துத் திரும்பிய குடும்பங்களுக்கு, பக்தி ஒரு கணக்கு, உல்லாசம் ஒரு கணக்கு என்று இரண்டு ஏடுகள் இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தின் மிச்சமே இன்றைய கட்டுச்சோற்றுப் பிரயாணம்.

இதன் முதற்சிறப்பு, பல வயதினரை ஓரிடத்தில் இருத்துவது. பூங்காவின் விளையாட்டுகள் உயரத்தையும் வயதையும் அளந்து ஆட்களைப் பிரித்துவிடுகின்றன. அப்பத்தா அங்கே பைகளுக்குக் காவல். சமணர் மலை உள்ள கீழக்குயில்குடியிலும் அவரால் மலையேற முடியாது என்பது மெய்யே. ஆனால் ஆலமர நிழலும் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் உள்ள அந்த அடிவாரம் தன்னளவில் ஓர் இடமாக இருப்பதனால், அங்கு உட்கார்ந்திருப்பவர் காத்திருப்பவர் ஆகிவிடுவதில்லை. ஏறி இறங்கி மூச்சிரைக்க வரும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவரிடமும் ஒரு கதை சேர்ந்திருக்கும்.

இரண்டாவது சிறப்பு, கண்ட பொருளும் கண்ட இடமும் ஒன்றையொன்று விளக்குவது. 2015ஆம் ஆண்டு அகழாய்வு தொடங்கிய கீழடியில், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், சுடுமண் வட்டச்சில்லையும் பகடைக்காயையும் காணும் சிறுமி, தான் வாசலில் பாண்டி ஆடும் சில்லின் மூத்த உறவை அடையாளம் கண்டுகொள்ள எவர் உபதேசமும் தேவையில்லை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நிறுவப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் அண்ணலின் குருதி தோய்ந்த ஆடையைப் பார்த்துவிட்டு, 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடை பூண்ட மேல மாசி வீதி வழியாகவே வீடு திரும்பும் பையனுக்குச் சரித்திரம், தான் தினமும் நடக்கும் தெருவில் நடந்த சமாசாரமாகிவிடுகிறது. எந்த ராட்டினமும் தர இயலாத அநுபவம் இது.

இனிக் குறைகள். அவற்றுள் சிறியது, தகப்பனார் பரீட்சை அதிகாரியாக மாறிவிடுவது. எந்த நூற்றாண்டு, எந்த மன்னன் என்று படிக்குப் படி வினாத் தொடுத்து, ஒரே பகலில் யானைமலை, திருப்பரங்குன்றம், நாயக்கர் மகால், தெப்பக்குளம் என நான்கையும் முடித்துவிட்ட குடும்பத்தில், மறு ஆண்டு பிள்ளைகள் பூங்காவையே விடாப்பிடியாகக் கேட்டால் அது அவர்கள் குற்றமன்று.

அதனினும் பெரியது, இடத்துக்கு நாம் இழைக்கும் தீங்கு. கீழடியில் வாழ்ந்தவர்கள் தங்கள் பானைகளில் தங்கள் பெயர்களைக் கீறிக்கொண்டார்கள். நம்மவர்களோ சமணர் மலையில் ஆயிரம் ஆண்டுக்கு முன் பிறர் செதுக்கிய தீர்த்தங்கரர்களின் அருகே ஆணியால் தம் பெயரைக் கீறிவிட்டு, பிளாஸ்டிக் குவளைகளைச் சுனையோரம் எறிந்துவிட்டு இறங்குகிறார்கள். கட்டணம் இல்லாத இடம் கேட்பாரற்ற இடம் என்ற எண்ணமே இதன் வேர். ஆனால் கேட்பார் இருக்கிறார்கள். 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கும், சூழவுள்ள ஊர்களுக்கும் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது, கால்நடையாக மதுரைக்குத் திரண்டு வந்து 2025 ஜனவரியில் அதற்கான ஏலத்தை ரத்துச் செய்வித்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே. அங்கே நாம் விருந்தினர். விருந்தினருக்குரிய அடக்கம் வேண்டாமா?

மிகப் பெரிய குறையோ பலர் கண்ணில் படுவதே இல்லை. பூங்கா வாங்கும் பணத்தில் குடிநீர், கழிப்பறை, நிழல், காவல் யாவும் அடங்கியிருக்கின்றன. மலைக்குப் போகிறவர்கள் அப்பணத்தை மிச்சப்படுத்தியதாக மகிழ்ந்தாலும், விடியுமுன் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டி, தண்ணீர் சுமந்து, வழுக்கும் பாறையில் கைக்குழந்தையைப் பிடித்து, ஒதுங்க இடமின்றித் தாகத்தை அடக்கி, மாலையில் எச்சிற் பாத்திரங்களோடு வீடு திரும்பும் ஒருத்தி அதைத் தன் உடம்பால் செலுத்தியிருக்கிறாள். இலவசம் என்று நாம் சொல்லும் உல்லாசத்தின் நுழைவுச்சீட்டு அவள் பெயரில்தான் கிழிக்கப்படுகிறது.

ஆகவே இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. பூங்காவைவிட இது உயர்ந்ததென்றே கருதுகிறேன். ஆனால் அவ்வுயர்வு மலைக்கு இயல்பாக உள்ளதன்று. சுமையைப் பங்கிடும் குடும்பத்துக்கே வாய்ப்பது. நாளுக்கு ஓரிடம் போதும். காலைக்குள் ஏறி இறங்கிவிடலாம். தூக்குச்சட்டியைத் தகப்பனாரும், தண்ணீரைப் பெரிய பிள்ளையும், குப்பைப் பையைச் சிறியவனும் சுமக்கலாம். அடிவாரங்களில் கழிப்பறையும் குடிநீரும் அமைப்பது அரசின் கடன்.

சமணர் மலைச் சிற்பங்களுள் ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என்று அதன் கீழுள்ள வட்டெழுத்து கூறுகிறது. ஒரு தாயின் பெயரை அந்தப் பாறை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருக்கிறது. அதன் எதிரே ஒரு நாழிகை வெறுங்கையோடு நின்று பார்க்க நம் வீட்டுத் தாய்க்கு வாய்த்ததா என்பதே, அந்த விடுமுறை நாள் நன்றாகக் கழிந்ததா என்று அறிவதற்கான உரைகல்.